வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கு ஒரு படம்

நாங்கள் ஐந்து பேர் வாரம் ஒரு தலைப்பு வைத்துப் புகைப்படம் எடுக்கிறோம். அந்த வாரத் தலைப்பு 'உப்பு'. திங்கட்கிழமையே எனக்கு யோசனை வந்துவிட்டது. விடியலில் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய், அலை வந்து திரும்பிய ஈர மணலைக் குந்தி உட்கார்ந்து எடுத்தேன். நல்ல படம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பாய் விரித்து ஐந்து படங்களையும் பரப்பியபோது, எல்லோர் கண்ணும் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்யும் அண்ணனின் படத்தில் போய் நின்றது. ஐஸ் பார் சுமக்கும் ஒருவருடைய முதுகு. ஊதாச் சட்டை. வியர்வை காய்ந்து, தோள்பட்டைக்குக் கீழே வெள்ளையாக உப்புக் கோடு, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மூன்று. சட்டை மூன்று முறை நனைந்து மூன்று முறை காய்ந்திருக்கிறது. உப்பு என்றதும் எனக்குக் கடலைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அவருக்குத் தினமும் எதிரில் நடக்கிற ஒரு முதுகு தோன்றியிருக்கிறது.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதனால் விடியற்காலை முழுக்க என்னுடையது. சித்தப்பா மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ், சீட்டுப் பணத்தில் வாங்கிய ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், இவ்வளவுதான் என் சாமான். ஷட்டர் (வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையை எவ்வளவு திறப்பது, எஃப் எண் சொல்வது இதைத்தான்), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது) மூன்றையும் யூடியூப் பார்த்து இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதே படகு, அதே அலை, அதே செம்பருத்தி. இந்த ஐந்து பேர் சேர்ந்த பிறகுதான் அவை நகர ஆரம்பித்தன. நாங்கள் இதை எப்படிச் செய்கிறோம் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நாலு பேர் கிடைத்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆள் சேர்ப்பது

நாலு பேருக்குக் குறைந்தால் ஒருவர் ஊருக்குப் போன வாரம் கூட்டம் படுத்துவிடும். ஏழுக்கு மேல் போனால் ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது. எங்களில் ஐஸ் அண்ணன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் தம்பி, புதுச்சேரியில் வங்கி வேலைக்குப் போய்வரும் தோழி, அப்புறம் நான். எல்லோரும் வேறு வேறு வேலை பார்ப்பதை நான் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன். ஒரே ஆபீசில் இருக்கும் ஐந்து பேர் சேர்ந்தாலும் நடக்கும், ஆனால் ஐந்து பேரும் அதே கேன்டீன், அதே மாடிப்படி என்று சுற்றி வருவார்கள். வேறு நேரத்தில் எழுந்து வேறு தெருவில் நடக்கிற ஒருவரையாவது தேடிப் பிடித்துச் சேருங்கள்.

'என்னிடம் கேமரா இல்லை, செல்போன்தான்' என்று தயங்குபவர்கள் உண்டு. அண்ணனும் தம்பியும் இன்றுவரை செல்போனில்தான் எடுக்கிறார்கள். அதைச் சமமாக்க ஒரே வழி, எல்லாப் படத்தையும் ஒரே அளவில் பிரின்ட் போடுவது. நாங்கள் போடுவது 4-க்கு 6 அங்குலம், ஸ்டூடியோக்களில் மேக்ஸி சைஸ் என்பார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் அந்த அளவுக்கு 1800-க்கு 1200, அதாவது 22 லட்சம் பிக்சலுக்குள்தான் தேவை. சாதாரண செல்போனில்கூட அதைப்போல ஐந்து ஆறு மடங்கு இருக்கிறது. பாயில் பரப்பிவிட்டால் எது போன், எது கேமரா என்று பல நேரம் சொல்லவே முடியாது.

பிரின்ட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். செல்போன் படம் பொதுவாக 4-க்கு 3 வடிவம். மேக்ஸி 3-க்கு 2. கிடைமட்டமாக எடுத்ததை அப்படியே கொடுத்தால் லேப்பில் மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். தம்பியின் முதல் படத்தில் ஒரு பாட்டியின் பாதம் அப்படித்தான் போனது. நீங்களே 3-க்கு 2 என்று வெட்டிவிட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் லேப்புக்கு அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எங்கள் விதிகள் கொஞ்சம்தான். திங்கள் காலையிலிருந்து சனி இரவுக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும். பழைய படத்தைத் தோண்டி எடுத்து வரக்கூடாது. ஆளுக்கு ஒரே ஒரு படம். வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், சாய்ந்த கடலை நேராக்கலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் கிடையாது. பரிசு கிடையாது. எந்தப் படத்தைப் பற்றி அதிக நேரம் பேசினோமோ அதை எடுத்தவர் அடுத்த வாரத் தலைப்பைச் சொல்வார், தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவரே சொல்லக் கூடாது. இதைப் போட்டி என்று நாங்கள் அழைப்பதில்லை. 'இந்த வாரம் தலைப்பு என்ன?' என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

தலைப்பு வைப்பது

நான் அதிகம் யோசிப்பது இதைப் பற்றித்தான். தலைப்பு சரியாக அமையாவிட்டால் வாரமே வீண். ஆரம்பத்தில் 'இயற்கை', 'அழகு', 'கிராமம்' என்றெல்லாம் வைத்தோம். எதை எடுத்தாலும் பொருந்தும் என்பதால் எல்லோரும் ஏற்கெனவே எடுக்கிற மாதிரியே எடுத்து வந்தார்கள். தலைப்பு ஆளைக் கொஞ்சம் நெருக்க வேண்டும்.

இப்போது மூன்று விதமாக மாற்றி மாற்றி வைக்கிறோம். ஒரு வாரம் கையால் தொடக்கூடிய ஒரு பொருள்: கயிறு, சாவி, செருப்பு, சைக்கிள். அடுத்த வாரம் ஒளியையோ கேமராவையோ பழகுவதற்கு: நிழல், அசைவு, ஜன்னல் வெளிச்சம், ஒரே நிறம். அதற்கடுத்து மனசுக்குத் தோன்றுகிற ஒன்று: காத்திருப்பு, மிச்சம், இடைவெளி. 'காத்திருப்பு' வைத்த வாரம் நாலு பேர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்தார்கள். தோழி மட்டும் தன் வீட்டுக் குக்கரை எடுத்திருந்தாள். அடுப்பங்கரை மேடையில் குக்கர், பின்னால் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அவளுடைய மகன். படத்தைப் பார்க்கும்போதே விசிலுக்குக் காது போனது.

இரண்டு மூன்று பொருள் உள்ள சொற்களைத் தலைப்பாக வைப்பது வாத்தியார் கொண்டுவந்த பழக்கம். கணக்கு வாத்தியார்தான், ஆனால் தமிழ் மேல் அவ்வளவு பிரியம். மாலை என்றால் பொழுதும் உண்டு, பூவும் உண்டு. கரை என்றால் ஆற்றங்கரையும் உண்டு, வேட்டிக் கரையும் உண்டு. படி, மாடிப்படியும் ஆகும், அரிசி அளக்கும் படியும் ஆகும். இதுவரை வைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 'திரை'. நான் அலையை எடுத்தேன். தம்பி, பூப்போட்ட ஜன்னல் திரை வழியாக வெயில் இறங்கிய தரையை எடுத்தான். அண்ணன், கட்டிய படகுக்குள் இருட்டில் உட்கார்ந்து செல்போனில் சினிமா பார்க்கும் ஒரு பையனை எடுத்தார், திரை வெளிச்சம் முகத்தில் மட்டும். தோழி முகூர்த்த வீட்டில் இழுத்துப் பிடித்த திரைச்சீலையை எடுத்தாள். வாத்தியார் கொண்டுவந்தது அவருடைய அம்மாவின் கை. தொண்ணூறை நெருங்கும் வயது. புறங்கைத் தோல் சின்னச் சின்ன அலையாக மடிந்திருக்க, நடுவே பச்சை நரம்பு ஒன்று ஓடியது. நரை, திரை என்று சொல்கிறோமே, அந்தத் திரை. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் கையை வைத்து எடுத்திருந்தார், அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு மெல்லிய நிழல். நேர் எதிரே வெளிச்சம் விழுந்திருந்தால் அத்தனை மடிப்பும் மழுங்கியிருக்கும். பக்க வெளிச்சம் சொரசொரப்பைக் காட்டும் என்று நான் படித்திருந்தேன். அது மனசில் பதிந்தது அந்தக் கையைப் பார்த்த அன்றுதான்.

எடுக்கப் போவது

தலைப்பு வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு தாளில் அந்தச் சொல்லுக்குத் தோன்றுகிற பத்து விஷயங்களை எழுதுங்கள். முதல் மூன்றை அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றும். நான் 'உப்பு' வாரம் இதைச் செய்யவில்லை, அதற்கப்புறம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

அடுத்தது, கையைக் கட்டிக்கொள்வது. மாதத்தில் ஒரு வாரம் தலைப்போடு ஒரு கட்டுப்பாடும் சேர்ப்போம். ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்பது அதில் ஒன்று. 18-55 லென்ஸ் வைத்திருப்பவர்கள் 35-இல் நிறுத்தி ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள். சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில் அது ஏறக்குறைய பழைய ஃபிலிம் கேமராவின் 50 மி.மீ. பார்வை. போனில் எடுப்பவர்கள் இரண்டு விரலால் விரிக்கக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்தில் வேண்டுமென்றால் நடந்து போக வேண்டும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு 50 மி.மீ. லென்ஸோடுதான் சுற்றினார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையிலும் புதுச்சேரியிலும் இருந்தார், ஸ்ரீ அரவிந்தரைப் படமும் எடுத்தார். அந்தத் தெருக்களில் நடக்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும், டேப் ஒட்டிய லென்ஸ் மேல் மரியாதை கூடும்.

இன்னொரு கட்டுப்பாடு 36 படம். ஒரு ஃபிலிம் ரோலில் அத்தனைதான் இருக்கும். ஓர் இடத்தில் நின்று, முப்பத்தாறுக்குள் முடிக்க வேண்டும், நடுவில் அழிக்கக் கூடாது. கெடிலம் பாலத்தில் ஒரு சனிக்கிழமை இதைச் செய்தேன். முதல் பத்து கைக்கு வந்தபடி போனது. இருபதுக்கு மேல் ஒவ்வொரு அழுத்தலுக்கும் யோசித்தேன். முப்பத்தோராவது படத்தில், பாலத்து நிழல் தண்ணீரில் விழுந்த கோட்டை ஒரு கொக்கு தாண்டிய நொடி கிடைத்தது. நிழலைச் சரியாகக் கட்டத்துக்குள் வைத்து, கொக்கு வரும்வரை காத்திருந்தேன். காத்திருந்து எடுத்த என் முதல் படம் அது.

நம் கடற்கரைக்கென்று ஒரு வெளிச்சக் கணக்கு இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் சூரியன் கடலில் எழும், ஊருக்குப் பின்னால் மறையும். எழும் நேரம் ஜூனில் ஐந்தே முக்கால் வாக்கில், ஜனவரியில் ஆறரை வாக்கில். எல்லோரும் கடலைப் பார்த்து நின்று உதயத்தை எடுக்கிறார்கள். ஒரு தடவை திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உதயம் பார்க்க வந்தவர்களின் முகம் எல்லாம் மஞ்சளில் குளித்திருக்கும். வலை பிரிக்கும் கைகள், கட்டுமரத்தின் மரவரிகள் எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம்தான். ஏழரை மணியானால் அது போய்விடும். மாலையில் தலைகீழ். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, கரைக்கு வரும் படகுகள் முகம் தெரிய வரும். சூரியன் கடலில் மறையும் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே மாலையில் வந்து ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அதற்குப் பதில் பௌர்ணமி இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும் என்பதால் நிலாவும் படகும் ஒரே படத்தில் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும், அல்லது படகு கறுத்துப்போகும்.

துறைமுகத்துக்கு விடியுமுன் போவதென்றால் தெரிந்தவரோடு போங்கள். நான் அண்ணனோடுதான் போவேன். முதுநகரில் படகுகள் வந்து ஏலம் தொடங்கும் நேரம் அங்கே யாருக்கும் நமக்காக ஒதுங்கி நிற்க நேரம் இல்லை. அன்னக்கூடையோடு ஓடுபவரின் வழியில் நின்றால் திட்டு நிச்சயம், அது நியாயமும்கூட. டியூப்லைட் வெளிச்சத்தில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்று ஆரம்பித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று ஐஎஸ்ஓவைக் குறைக்காதீர்கள். மேக்ஸி பிரின்டில் புள்ளி தெரியாது, ஆடிய படம் தெரியும். 'அசைவு' மாதிரித் தலைப்பென்றால் வேண்டுமென்றே ஷட்டரைத் தாழ்த்துங்கள். சைக்கிளில் போகும் ஒருவரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே 30-இல் ஒரு பங்கில் அழுத்தினால், ஆள் ஓரளவு தெளிவாகவும் லாரன்ஸ் ரோடு முழுக்கக் கோடாகவும் விழும். இருபது எடுத்தால் ஒன்று கிடைக்கும்.

முகம் தெரிகிற மாதிரி எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தையென்றால் பெற்றவரைக் கேளுங்கள். கோயில் கருவறைப் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். எடுத்த பிறகு ஒரு பிரின்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு டீ விலைதான்.

ஒன்றைப் பொறுக்குவது

'ஒரே படம்' என்ற விதியைத் தளர்த்தச் சொல்லி முதல் மாதமே எல்லோரும் கேட்டோம். வாத்தியார் மறுத்துவிட்டார். இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். இரண்டு படம் வைக்கலாம் என்றால் பத்திரமான ஒன்றும் துணிச்சலான ஒன்றும் வைப்போம், எது நம் மனசில் இருப்பது என்று முடிவு செய்யாமலே தப்பித்துவிடுவோம்.

எடுத்த அன்றே பொறுக்காதீர்கள். எடுத்த கஷ்டம் மனசில் இருக்கும்வரை கஷ்டப்பட்ட படம்தான் நல்ல படமாகத் தெரியும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று எடுத்தேன் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ஒரு ராத்திரி போகட்டும். மறுநாள் எல்லாவற்றையும் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கி ஒன்றாகப் பாருங்கள். அந்த அளவிலும் என்னவென்று புரிகிற படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஐந்தாகக் குறைந்ததும் வீட்டில் யாரிடமாவது காட்டி, ஒன்றும் விளக்காமல், அவர்கள் எதில் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நான் என் அம்மாவிடம் காட்டுவேன்.

பாயில் பரப்பிய பிறகு

ஞாயிறு காலை வாத்தியார் வீட்டு மொட்டைமாடி. பிரின்டுகளுக்குப் பின்னால் பெயர் எழுதுவதில்லை. எது யாருடையது என்று ஊகித்துவிடுவோம், இருந்தாலும் பெயர் இல்லாதபோது பேச்சு படத்தைப் பற்றியே இருக்கும்.

'சூப்பர்', 'செம', 'அருமை' மூன்றும் அங்கே சொல்லக் கூடாத சொற்கள். மனசு நோகக் கூடாது என்று அப்படிச் சொல்வோம், எடுத்தவருக்கு அதனால் ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என் கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது. இதில் நல்லது கெட்டது எதுவும் கிடையாது. கண் போன வழியைச் சொல்கிறோம், அவ்வளவுதான். யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. 'அங்கே ஒரு லாரி நின்றது, அதனால்தான்' என்று விளக்க ஆரம்பித்தால் பேச்சு லாரிக்குப் போய்விடும்.

'மிச்சம்' என்ற தலைப்புக்கு நான் முதுநகரில் நெத்திலி காயவைக்கும் ஓர் அம்மாவை எடுத்தேன். கூடையிலிருந்து அள்ளி, விரித்த வலை மேல் விசிறுகிற நேரம். விற்காமல் மிஞ்சியது கருவாடாகிறது என்பது என் யோசனை. ரொம்பப் பெருமையாகத்தான் கொண்டுபோனேன். தம்பி சொன்னான், 'அக்கா, என் கண் முதல்ல அந்த நீல டிரம்முக்குப் போச்சு.' அண்ணனும் அதையே சொன்னார். தோழியும் அதையே சொன்னாள். எந்த டிரம்? வலது மேல் மூலையில் பாதி வெட்டுப்பட்டு, அந்தப் படத்திலேயே மிகப் பளிச்சென்ற நிறமாக ஒரு பிளாஸ்டிக் டிரம் நின்றிருக்கிறது. நான் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால், எடுக்கும்போதும் பார்க்கவில்லை, பொறுக்கும்போதும் பார்க்கவில்லை. முகம் சூடாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். 'போன வாரம் எடுத்தது விழலையாம்மா?' என்று அந்த அம்மா கேட்டார். டிரம் கதையைச் சொன்னேன். 'அதை நகத்திடட்டா?' என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்தேன். இரண்டு எட்டு இடதுபக்கம் வந்ததும் டிரம் அவருக்குப் பின்னால் மறைந்தது. குந்தி உட்கார்ந்ததும் பின்னால் இருந்த சுவர் இறங்கி வானம் வந்தது. ஷட்டர் 1000-இல் ஒரு பங்கு. விசிறிய நெத்திலி வெள்ளி ஊசிகளாகக் காற்றில் நின்றன. பிரின்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். 'நெத்திலி எப்பம்மா காத்துல நின்னுச்சு?' என்றார்.

அதற்குப் பிறகு எந்தப் படத்தை எடுக்குமுன்னும் நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பார்க்கிறேன். ஒரு நொடி ஆகும். மாதத்தின் கடைசி வாரத்துக்குப் புதுத் தலைப்பு வைப்பதையும் நிறுத்திவிட்டோம். அந்த வாரம் 'மறுபடி'. அந்த மாதத்தில் கேட்ட ஒரு குறையை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய் எடுக்க வேண்டும். பழைய பிரின்டையும் புதிய பிரின்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

ஒரு ஞாயிறு புதுச்சேரிக்கு

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஐந்து பேரும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறோம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே காலையில் எடுப்பது தனிப் பாடம். முதல் முறை போனபோது ஐந்து பேரும் பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகத் திரும்பி வந்தோம். ஐந்து படத்தையும் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. அடுத்த முறை தோழி தலைப்பு வைத்தாள்: 'மஞ்சள் இல்லாத புதுச்சேரி'. கால் தானாகக் கால்வாயைத் தாண்டித் தமிழர் வீதிகளுக்குப் போனது. திண்ணையும் தாழ்வாரமுமாக இருக்கும் பழைய வீடு ஒன்றின் தூண் வரிசையில் நான் ஒரு மணி நேரம் இருந்தேன். அண்ணன் பெரிய மார்க்கெட்டில் மீன் பகுதிக்குள் போனார், தொழில்காரர் என்பதால் அங்கே அவருக்குப் பேச்சும் டீயும் கிடைத்தது. தம்பி பாரதி பூங்காவில் நிழலில் படுத்துத் தூங்குபவர்களின் செருப்புகளை மட்டும் எடுத்திருந்தான்.

இப்படி எல்லோரும் ஒரே ஊருக்குப் போனால் இரவு வரை இருங்கள். கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். ட்ரைபாட் வைத்து நீண்ட ஷட்டர் பழகுவதற்கு அவ்வளவு நிம்மதியான சாலை பக்கத்தில் வேறு இல்லை.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெளியே போக முடியாது. அப்போது வீட்டுக்குள் முடிகிற தலைப்பாக வைக்கிறோம். மேகமூட்டமான நாளின் ஜன்னல் வெளிச்சம் மாதிரி மென்மையான வெளிச்சம் வேறெதுவும் இல்லை, முகத்தை எடுக்க அதுதான் நேரம்.

எனக்கு மிக நெருக்கமான தலைப்பு அப்படி ஒரு மழை வாரத்தில் வந்ததுதான். வீட்டில் இருக்கும் ஒரு பழைய படத்தை எடுத்து, அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் எங்கள் மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது அந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, எங்கள் மரமும் போனது. ஊஞ்சல் கட்டி ஆடிய மரம். தேடிப் பார்த்தால் அதற்கென்று ஒரு படம் இல்லை. தங்கையின் பிறந்தநாள் படத்தில், கேக்குக்குப் பின்னால், பாதி அடிமரம் மட்டும் தெரிகிறது. மழை விட்ட ஒரு மத்தியானம் போய் அதே இடத்தில் தங்கையை நிற்க வைத்து எடுத்தேன். பின்னால் வெறும் வானம். பாயில் அந்த இரண்டு படத்தையும் வைத்தபோது யாரும் கண் போன வழியைச் சொல்லவில்லை. வாத்தியார் மட்டும், 'நாளைக்கே உங்க வீட்டு மரத்தையெல்லாம் எடுத்து வைங்க' என்றார். எடுத்துவைத்தேன், முருங்கை உட்பட.

மழைக்காலத்தில் கேமராவைத் துணிப்பையிலோ பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். ஒரு வருஷம் அப்படி வைத்து 18-55-க்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படர்ந்துவிட்டது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மருந்து டப்பாக்களில் வரும் சின்னச் சின்னப் பொட்டலங்களை நம்பாமல், நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள். நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று தெரியும், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். கடற்கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸின் முன் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கும். முதலில் மணலை ஊதி எடுத்துவிட்டு அப்புறம் மென்துணியால் துடையுங்கள். முதலிலேயே துடைத்தால் மணல் கீறிவிடும்.

இந்த வாரத் தலைப்பு 'கயிறு', தம்பி சொன்னது. பத்து எழுதி மூன்றை அடித்துவிட்டேன்: படகுக் கயிறு, கொடிக் கயிறு, தேர் வடம். மிச்சம் ஏழில் ஒன்று, கடைக்குத் தினமும் வரும் ஒரு தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. காதுப்பக்கம் உடைந்த கம்பிக்குப் பதிலாகச் சணல் கட்டியிருக்கிறார். நாளைக்கு மாத்திரை வாங்க வருவார், கேட்டுப் பார்க்க வேண்டும்.